கோணிப்பைக்குள் பதினேழு விவசாயிகள்

நான் வேலை பார்த்த கடையில் இப்போது இருக்கும் மூன்று பெண்களும் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் ஆப்பிள், ஆரஞ்சு, பிஸ்கட் பாக்கெட். ஓய்வு பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் ஏனோ ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரியேதான் வருகிறார்கள். விஷயம் என்னவென்றால், இணையதளம் செய்கிற முறை மறுபடியும் மாறுகிறதாம். புதுசாகச் சில விதிகள் வந்திருக்கின்றனவாம். அந்தக் காலத்தில் நீங்களெல்லாம் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள், கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அந்தக் காலமாம்! நான் என்னவோ பனையோலையில் இணையதளம் எழுதியவள் மாதிரி. ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சரி, கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன்.

ஊர் நைனார்பாளையம். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். பிறகு கள்ளக்குறிச்சியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். படித்தேன் என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி ரூமுக்குள் போய், கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று பார்த்தோம். தொட விடமாட்டார்கள். ஆறாவது மாதம் சான்றிதழை மட்டும் தொட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த சம்பத் சார் கடையில் சேர்ந்தேன். ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு என்று இருந்த கடை, ஊரில் எல்லோருக்கும் இணையதள ஆசை வந்தபோது இணையதளக் கடையாக மாறியது. நானும் கூடவே மாறினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

சம்பத் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு பக்கம் கடையை விட்டு வெளியே போவதற்குள் என் உயிர் போய்விடும். முதலில் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் திரையில் வைத்து ஓரத்தை அளப்பார். இடது பக்கம் அரை இஞ்ச், வலது பக்கம் அரை இஞ்ச். கல்யாணப் பத்திரிகை அடித்த கை, விடாது. அப்புறம் தன் முழங்கையைக் கீபோர்டின் மேல் அழுத்திக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் எதை வேண்டுமானாலும் அழுத்துவார், பக்கம் தாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, "படிம்மா" என்பார். அந்தப் பக்கத்தில் எங்கெங்கே என்னென்ன செய்தி வருமோ அத்தனையையும் நான் அவர் முகத்துக்கு நேராக வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். தப்பு நடந்தால் வரும் செய்திகளைத்தான் அதிகம் கேட்பார். எழுத்தில் ஜோராக இருப்பது வாயில் வந்தால் அசிங்கமாக இருக்கும் என்பார். பாதியை மாற்றச் சொல்வார்.

முழங்கையைத் தாங்கிய பக்கங்கள் வேறு விதத்தில் வீழ்ந்தன. சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரருக்கு நாங்கள் செய்த தளம்தான் எங்கள் கடைக்கே விளம்பரம். திறந்ததும் ஒரு மரவள்ளிக் கிழங்கு திரையின் குறுக்கே உருண்டு வரும். நடுவில் நின்று தன் தோலைத் தானே உரித்துக்கொள்ளும். பிறகு வெடித்து ஜவ்வரிசி மழையாகப் பொழியும். பின்னணியில் நாதஸ்வரம். பார்ப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம், அவ்வளவு மெதுவாக வரும். ஆலைக்காரர் விருந்தாளி யார் வந்தாலும் காப்பி கொடுத்து உட்காரவைத்து அதைக் காட்டுவார்.

அந்த மாதிரி ஆட்டம் பாட்டத்துக்கெல்லாம் அப்போது பிரவுசரோடு வெளியிலிருந்து ஒரு மென்பொருளை ஒட்டுப்போட வேண்டும். பிறகு எச்டிஎம்எல் ஐந்து என்று புது விதி வந்தது. இனி ஒட்டு எதுவும் வேண்டாம், படம், பாட்டு, ஆட்டம் எல்லாம் பக்கத்துக்குள்ளேயே செய்துகொள்ளலாம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் பழைய ஒட்டுகளைப் பிரவுசர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டன. ஒரு நாள் காலையில் ஆலைக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கிழங்கு இருந்த இடத்தில் சாம்பல் கலரில் ஒரு பெட்டி மட்டும் இருக்கிறது என்றார். வந்திருந்த வெளியூர் வியாபாரி காப்பியைக் குடித்துவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனாராம்.

புது விதிப்படி கிழங்கை நான் ஒவ்வொரு கோடாக எழுத்திலேயே வரைய வேண்டியிருந்தது. மூன்று வாரம் ஆயிற்று. சம்பத் சார் பார்த்துவிட்டு முள்ளங்கி நன்றாக வந்திருக்கிறது என்றார். ஆலைக்காரரும் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, உருளுவது நின்றுவிடாமல் இருந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

அப்புறம் தேதி. முன்பெல்லாம் பிறந்த தேதி கேட்கும் ஒரு பெட்டிக்கு நான் நாற்பது வரி எழுதுவேன். முப்பத்திரண்டாம் தேதி பிறந்தவர்களைத் தடுக்க வேண்டுமல்லவா. புது விதியில் ஒரே சொல்தான், பிரவுசரே காலண்டரைத் திறந்து காட்டிவிடும். திருக்கோவிலூரில் ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன். காலண்டர் எப்போதும் இன்றைய தேதியில்தான் திறக்கும் என்பதையும், பெண், பிள்ளையைப் பெற்றவர்கள் பயத்தில் உடனே சரி என்று அழுத்திவிடுவார்கள் என்பதையும் நான் யோசிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அன்றன்றைக்குப் பிறந்த மாப்பிள்ளைகள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒருவருக்குச் சொந்த வீடு இருந்ததால் வயது பூஜ்யம் என்று போட்டிருந்தும் நான்கு இடத்திலிருந்து விசாரித்தார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சாமை விஷயத்தைத்தான் நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

கள்ளக்குறிச்சியில் சிறுதானியம் விற்கிற சில கடைக்காரர்கள் ஒன்று சேர்ந்து எங்களிடம் வந்தார்கள். கல்வராயன் மலையில் விளைகிற சாமையை நேராக வாங்கி வெளியூருக்கு விற்கப் போகிறார்கள். வாங்குகிறவர்கள் செல்லில் ஒரு வரைபடத்தைத் தொட்டால், இந்தச் சாமை இன்னாருடைய இந்த நிலத்தில் விளைந்தது என்று பெயரோடு வர வேண்டும். இதுதான் வேலை. மலையில் வெள்ளிமலை தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ஊரில் பதினேழு குடும்பம் சேர்ந்திருந்தது. அவர்களே தங்கள் செல்லில் பேர், பயிர், இடம் எல்லாம் பதிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதிந்தவர்களிடம்தான் கொள்முதல்.

அந்த ஊரில் டவர் இல்லை. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஏனென்றால் புது விதிகளிலேயே அழகானது அதுதான். சிக்னல் இல்லாவிட்டாலும் பக்கம் செல்லுக்குள்ளேயே தங்கியிருக்கும். படிவத்தை நிரப்பி வைத்துவிடலாம், சிக்னல் கிடைத்ததும் தானாகப் போய்ச் சேரும். செல் எங்கே நிற்கிறது என்று வானத்தை, அதாவது செயற்கைக்கோளைக் கேட்டுத் தானே குறித்துக்கொள்ளும். நான் ராத்திரி பகல் பார்க்காமல் எழுதினேன். வேறு எங்கோ உட்கார்ந்துகொண்டு பொய்ப் பதிவு போடக் கூடாது என்று, அந்த ஊரைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்கு வெளியே இருந்து வந்தால் தள்ளிவிடும்படி செய்தேன். தள்ளும்போது காட்ட ஒரு செய்தியும் எழுதினேன். அந்த வாரம் சம்பத் சார் பேத்தியின் காதுகுத்துக்குப் போயிருந்தார். ஸ்கேல் இல்லை, முழங்கை இல்லை, வாயும் இல்லை. பக்கம் மலைக்குப் போய்விட்டது.

எனக்குத் தெரியாத ஒன்று அந்த ஊரில் இருந்தது. செல் வைத்திருக்கும் எல்லோரும் சிக்னலுக்காக மலையிறங்க முடியுமா? அதனால் சடையன் என்று ஒருவர். நாற்பது வயசு, பெரிய மீசை, ஆடு மாடெல்லாம் மேய்த்தவர். வாரத்துக்கு இரண்டு தடவை ஊரிலுள்ள செல்களையெல்லாம் ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் வந்துவிடுவார். அங்கே ஒரு பரோட்டாக் கடையில் பையை வாய் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடுவார். செல்கள் எல்லாம் வேண்டிய மட்டும் சிக்னலை வாங்கிக்கொண்டு, வந்த செய்திகளையும் வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் மலையேறிவிடும். இதற்கு அந்த ஊரில் செல் மேய்ப்பது என்று பெயர். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் கட்டியிருக்கும்.

பதினேழு பேரும் ஒழுங்காகத் தங்கள் தங்கள் நிலத்தில் நின்று படிவத்தை நிரப்பினார்கள். சடையனிடம் கொடுத்தார்கள். செல்கள் மேயப் போயின. பரோட்டாக் கடையில் பதினேழும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்தன. பதினேழிலும் ஒரே செய்தி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான் கடையைத் திறக்கும்போதே ஒரு அம்மா கோணிப்பையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். பெயர் ராசம்மா, அந்தப் பதினேழு குடும்பத்துக் குழுவுக்குத் தலைவி. முதல் பஸ்ஸுக்கு வந்திருக்கிறாள். சத்தம் போடவில்லை. பையை என் மேசைமேல் வைத்தாள், ஒரு செல்லை எடுத்து என் பக்கம் திருப்பினாள். நான் எழுதிய செய்தி. "தாங்கள் தங்கள் நிலத்தில் இல்லை. பதிவு நிராகரிக்கப்பட்டது."

"எங்க நெலத்துல நாங்க இல்லன்னு இது சொல்லுதுங்க," என்றாள். "அப்ப எங்க நெலத்துல யாரு இருக்கறாங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தேன். அவள்தான் பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வருஷா வருஷம் ஒரு வியாபாரி வருவார், அறுப்புக்கு முன்னாலேயே வீட்டு வீட்டுக்குக் காலிச் சாக்கைக் கொடுத்துவிட்டுப் போவார். சாக்கை வாங்கினால் சாமை அவருக்கு, அவர் சொல்வதுதான் விலை. இந்த வருஷம் ராசம்மா வீடு வீடாகப் போய், சாக்கை வாங்காதே, செல்லில் பதிந்தால் நேராக வாங்கிக்கொள்வார்கள், நான் பொறுப்பு என்று சொல்லித் தடுத்துவிட்டாள். கோபித்துக்கொண்ட வியாபாரி சாக்கை வாரிக்கொண்டு போனார். ஒரே ஒரு சாக்கு மட்டும் விட்டுப்போயிற்று, அதில்தான் செல் மேய்கிறது. இப்போது வெள்ளிக்கிழமைக்குள் பதிவு ஆகாவிட்டால் சாமையை வாங்க ஆளில்லை. அவள் பேச்சை ஊரில் இனி நாய்கூடக் கேட்காது. இது போதாதென்று நேற்று ராத்திரி முழுக்க ஊருக்கு வேறு பயம் பிடித்துவிட்டது. பட்டா வாங்க அலைந்து அலைந்து கால் தேய்ந்த சனம் அது. செல்லே சொல்லிவிட்டது, நிலம் போய்விட்டது என்று இரண்டு வீட்டில் அழுகையாம்.

சம்பத் சார் அப்போதுதான் வந்தார். முழுசாகக் கேட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "படிம்மா," என்றார். படித்தேன். வாய்விட்டுப் படித்த பிறகுதான் எனக்கே அது என்ன என்று தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "வசந்தாம்மா, இத ஒருத்தர் வூட்டு வாசல்ல நின்னுக்கினு அவர்கிட்ட நீ சொல்லுவியா?"

மாட்டேன் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் திட்டவில்லை. வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு ராசம்மாவுக்கு டீ சொன்னார்.

பதிவுகள் எங்கிருந்து வந்திருக்கின்றன என்று வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். பதினேழு புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கச்சிராயபாளையம் பரோட்டாக் கடையின் கல்லுக்கு நேராக நின்றன. தப்பு என்னுடையதுதான். செல் எங்கே இருக்கிறது என்று நிரப்பும்போது கேட்காமல், அனுப்பும்போது கேட்கும்படி எழுதியிருந்தேன். நான் சோதித்தபோது நாற்காலியில் உட்கார்ந்து நிரப்பி, அதே நாற்காலியில் அனுப்பினேன். நிரப்பிய இடம் ஒன்று, அனுப்பும் இடம் ஒன்று, நடுவில் ஒரு பஸ் என்பதெல்லாம் என் நாற்காலிக்குத் தெரியுமா? சம்பத் சார் எட்டிப் பார்த்துவிட்டு, பதினேழு பேரும் சேர்ந்து இன்னா சாப்பிட்டாங்களாம் என்று மட்டும் கேட்டார்.

திருத்தினேன். நிரப்பும் அந்த நொடியே இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். அந்தச் செய்தியைக் கிள்ளி எறிந்தேன். பதினேழு செல்லிலும் புதுப் பக்கத்தை ஏற்ற வேண்டும், ஆனால் எல்லாம் பூட்டியிருந்தன. ராசம்மா ஒவ்வொன்றாக எடுத்து விரலால் ஒரு கோடு இழுத்துத் திறந்துகொண்டே போனாள். ஊருக்கே ஒரே பூட்டுதானாம், ப மாதிரி கோடு போட்டால் திறக்கும். ஆளுக்கொரு பூட்டு என்றால் சடையனுக்குச் சிரமம்தானே என்றாள்.

இந்த முறை நானே மலைக்குப் போனேன். மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை மதியம் கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறி, கடைசி மைலை நடந்து போய்ச் சேர்ந்தேன். கோயில் திடலில் ஊரே கூடியிருந்தது. ராசம்மா எனக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தாள். பொறுமையாகக் குடித்துவிட்டு, சரி வேலையை ஆரம்பிக்கலாமா என்று எழுந்தேன். எல்லாம் முடிந்துவிட்டதுங்க என்றார்கள். வந்த விருந்தாளியை வெயிலில் அலையவிடக் கூடாது என்று, நான் காப்பி குடிக்கும் நேரத்துக்குள் பதினேழு பேரும் திடலிலேயே நின்று நிரப்பித் தயாராக வைத்திருந்தார்கள். பரோட்டாக் கடை போய், இப்போது கோயில். பதினேழு பேரும் சாமி நிலத்தில் சாமை போட்டிருந்தார்கள்.

அத்தனையையும் அழித்துவிட்டு, நிலம் நிலமாக நடந்தேன். இருட்டுவதற்குள் ஒன்பது, வெள்ளிக்கிழமை காலையில் மீதி எட்டு. சாமை கதிர் வாங்கிச் சாய்ந்து நின்றது. ஒவ்வொருவராகத் தங்கள் நிலத்தின் நடுவில் செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார்கள். டவர் இல்லாத இடத்தில் வானம் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் ஒருவர், கொஞ்சம் இருங்க என்று வீட்டுக்கு ஓடிப் போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு தலை வாரிக்கொண்டு வந்தார். மேலேர்ந்து பாக்குதுல்ல என்றார். அவர் பெண்டாட்டி அடுத்த வரப்பில் நின்று சிரி சிரி என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பதினேழும் முடிந்தது. இரண்டு மணி பஸ். நான் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து கொஞ்ச தூரத்தில் நின்றார். வெள்ளையன் என்று ராசம்மா சொன்னாள். ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டை ஒட்டி நிலம், அவருடைய தாத்தா காலத்திலிருந்து உழுகிற நிலம். சாமைதான் போட்டிருக்கிறார். பட்டா மட்டும் வரவில்லை, மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அதனால் குழுவிலும் அவரே சேரவில்லை.

"எனக்கும் ஒரு வாட்டி போட்டுப் பாருங்க," என்றார்.

ஓடையைத் தாண்டிப் போனோம். செல் கிடையாது அவரிடம். சடையனுடையதை வாங்கிக் கொடுத்தோம். நிலத்தின் நடுவில் நின்றார். பேர் போட்டேன், பயிர் போட்டேன். வானம் இடத்தைச் சொல்லிவிட்டது. சேமி என்று அழுத்தினேன். ஒரு பெட்டி சிவப்பானது. "பட்டா எண் இன்றித் தொடர இயலாது."

இதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

"இன்னா சொல்லுது?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதை நான் வாயால் சொல்லவில்லை. ஏதோ நம்பர் கேட்கிறது என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ராசம்மா உடனே, என் பட்டா நம்பரைப் போடுங்க, யாரு பாக்கப் போறாங்க என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"அது ஒன் நெலம். அங்க நான் ஏன் நிக்கணும்?"

செல்லைச் சடையனிடம் நீட்டினார். எனக்கு அப்போது வந்தது பாருங்கள் கோபம், அது என்மேல்தான். கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்த தாள் என் பையில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். பேர், பயிர், இடம், எத்தனை மூட்டை. அவ்வளவுதான். பட்டா எண்ணை எந்தப் பாவியும் கேட்கவில்லை. படிவம் என்றால் பட்டா எண் இருக்க வேண்டும், இருந்தால் கட்டாயம் என்று நட்சத்திரம் போட வேண்டும் என்பது என் பழக்க தோஷம். அதிலும் புது விதியில் அதற்கு ஒரே ஒரு சொல் எழுதினால் போதும், பிரவுசரே ஆளை மறித்து நிறுத்திவிடும். அவ்வளவு சுலபமாக இருந்ததால் எல்லாப் பெட்டியிலும் அதைத் தூவி வைத்திருந்தேன்.

பக்கத்தைத் திருத்தி ஏற்றச் சிக்னல் வேண்டும். நிலத்தையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. திரையில் அந்த இடத்துக்கான எண்கள் தெரிந்தன. பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். செல்லிலேயே குறித்திருக்கலாம். பதினேழு செல்லைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளங்கையில் எழுதுகிறவள்தான் நான்.

இரண்டு மணி பஸ்ஸில் ராசம்மா, நான், சடையன், கோணிப்பை. எண்கள் வியர்வையில் அழிந்துவிடாமல் இருக்க ஒரு கையை விரித்தே பிடித்திருந்தேன். கம்பியைப் பிடிக்க மற்ற கை மட்டும்தான், ஒவ்வொரு வளைவுக்கும் ஒருவர் மடியில் போய் விழுந்தேன். கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்து ஒரு அம்மா எனக்கு எழுந்து இடம் கொடுத்தாள். பாதி மலையில் ஒரு வளைவில் முதல் சிக்னல் கிடைக்கும், டிரைவர் அங்கே வழக்கமாக இரண்டு நிமிஷம் நிறுத்துவார். நிறுத்தினார். பைக்குள் ஒவ்வொன்றாக ஒளிர ஆரம்பித்தது. சடையன் வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி நூல் கலரைப் பார்த்துப் பார்த்துப் பேர் சொன்னார். ஒவ்வொரு பேருக்கும் பஸ்ஸில் இருந்தவர்கள், ஆச்சா, ஆச்சா என்று கேட்டார்கள். பதினேழும் ஆயிற்று. ராசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் லேப்டாப்பை மடியில் திறந்தேன். இரண்டு நிமிஷம் முடிந்து டிரைவர் ஹார்ன் அடித்தார். இன்னும் ஒன்று இருக்கிறது என்று மொத்த பஸ்ஸும் அவரை அடக்கியது. கட்டாயம் என்கிற அந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து அழித்தேன். பக்கத்தை ஏற்றினேன். உள்ளங்கையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை, சடையன் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து மூன்று என்றார். அனுப்பினேன். வரைபடத்தில், காட்டை ஒட்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் பதினெட்டாவது புள்ளி முளைத்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

கடைக்காரர்கள் பதினெட்டு பேரிடமும் வாங்கினார்கள். ஒருவர்கூடப் பட்டா எண் எங்கே என்று கேட்கவில்லை.

வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும், மேலே பெரிய எழுத்தில் இன்னார் அவர்களின் நிலம் என்று வரும். வெள்ளையன் கேட்டார் என்று ராசம்மா சொல்லி, அவர் பக்கத்தை ஒரு தாளில் அச்சடித்துச் சடையனிடம் கொடுத்தனுப்பினேன். "வெள்ளையன் அவர்களின் நிலம்", கீழே மலைப்படம், நடுவில் ஒரு புள்ளி. இரண்டு மாதம் கழித்து ராசம்மா கடைக்கு வந்தபோது, வெள்ளையன் அந்தத் தாளை நாலாக மடித்து எங்கே போனாலும் கொண்டு போகிறார், மனுவோடுகூட ஒரு தடவை நீட்டினாராம் என்றாள். ஐயோ, அது எதற்கும் செல்லாதே, நான் அடித்த வெறும் தாள்தானே, நீயாவது அவரிடம் சொல்லக் கூடாதா என்றேன்.

"செல்லாதுன்னு அவருக்குத் தெரியும்க்கா," என்றாள். "அவரு பொறந்ததுலேர்ந்து, இல்லன்னு சொல்லாத மொத காகிதம் அது."

நான் அப்போது இருபத்தைந்து வருஷமாகப் படிவம் எழுதிக்கொண்டிருந்தேன்.